முட்டை இறுகுகிறது, கூட்டின் பிசின் கரைகிறது: இரண்டும் புரதம் என்றால் எப்படி?

கேள்வி: நூற்புவீடு (தருமபுரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்குப் பட்டு நூற்பதுதான் தொழில். நான்கு ரோடு அருகிலுள்ள அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் எடுத்து வரும் கூடுகளை உலர்த்தி, கொதிநீரில் வேகவைத்து, ஒவ்வொரு கூட்டிலும் நுனியைத் தேடிப் பிடித்து, ஏழெட்டு இழைகளை ஒன்றாகச் சேர்த்து ராட்டையில் ஏற்றும் வேலையைச் சிறு வயதிலிருந்தே செய்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒரு முறைகூடத் தோன்றாத ஐயத்தை, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சென்ற வாரம் கிளப்பிவிட்டாள்.

உயிரியல் மூலக்கூறுகள் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவள், "அம்மா, சூடாக்கினால் புரதம் இயல்பிழந்து உறைந்துவிடும் என்றும், அதற்கு வெந்த முட்டையே எடுத்துக்காட்டு என்றும் போட்டிருக்கிறது. பட்டும் புரதம்தானே? நம் வீட்டில் தினமும் கொதிக்கிறதே, அது ஏன் முட்டை மாதிரி ஆகவில்லை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கடையில் வாங்கிய வழிகாட்டிக் கையேட்டில் எல்லாப் புரதமும் கொதித்தால் உறையும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தனிப்பயிற்சி வகுப்பில் கேட்டதற்கு, அது தேர்வுக்கு வராது என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கூட்டை வேகவைக்கும்போது இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசின் இளகிக் கரைகிறது. இழை மட்டும் எத்தனை நேரம் கொதித்தாலும் கரைவதுமில்லை, முட்டையைப்போல் இறுகுவதுமில்லை. ஒரு முறை கழிவுக் கூடுகளைச் சிறிதளவு நீரில் வெகுநேரம் கொதிக்கவிட்டு, சட்டியை அப்படியே மறந்துவிட்டேன். மறுநாள் காலை பார்த்தபோது அந்த நீர் இளநுங்கைப்போலத் தளதளவென்று இறுகியிருந்தது. மீண்டும் அடுப்பில் வைத்ததும் நீராகிவிட்டது. முட்டை சூட்டில் இறுகுகிறது, இதுவோ சூட்டில் இளகிக் குளிரில் இறுகுகிறது. ஒரே புழுவின் ஒரே வாயிலிருந்து வரும் பிசினும் இழையும்கூட ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. இவை மூன்றும் புரதம் என்பது உண்மைதானா? உண்மையென்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பெரியவர்கள் விளக்கினால் மகளிடம் படித்துக் காட்டுவேன்.

பதில் 1: கேழ்வரகுக்காரன் (ஓசூர்)

சகோதரி, எனக்குத் தெரிந்தவரை சூட்டில் இறுகுவதற்குப் புரதமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. களி கிண்டும்போது பாருங்கள்: மாவைக் கொதிநீரில் போட்டுத் துடுப்பால் கிண்டக் கிண்ட, கை வலிக்கும் அளவுக்கு இறுகிவிடுகிறது. கூட்டின் பிசின், வேப்பம்பிசின் கருவேலம்பிசின் போன்ற ஒரு சர்க்கரைப் பொருளாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம். மரப்பிசினும் நீரில் கரையத்தானே செய்கிறது? தவறாக இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

பதில் 2: உயிர்வேதியியல் ஆசிரியர் (கிருஷ்ணகிரி)

அம்மா, உங்கள் மகளின் கேள்வி, கல்லூரியில் முதுகலை மாணவர்களிடம் நான் கேட்டு, பாதிப் பேரிடம் சரியான விடை வராத கேள்வி. சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் ஓசூர் நண்பருக்கு ஒரு சொல். களி சூட்டில் இறுகுகிறது என்பது சரி. ஆனால் அதை இறுக்குவது மாவுச்சத்து. நூறு கிராம் கேழ்வரகில் புரதம் ஏழு கிராம் அளவுதான் இருக்கும். மாவுச்சத்தோ அதைப்போல் பல மடங்கு. மாவுச்சத்து மணிகள் சூட்டில் நீரை உறிஞ்சிப் பருத்து ஒன்றையொன்று நெருக்குவதால்தான் துடுப்பு நகர மறுக்கிறது. மாவுச்சத்தை ஆக்கும் அதே குளுக்கோஸ் அலகுகள் வேறொரு கோணத்தில் கோக்கப்பட்டால் பருத்தியின் செல்லுலோஸ் ஆகிவிடுகிறது. அதை நாள் முழுவதும் கொதிக்கவைத்தாலும் கூழாகாது. கூட்டின் பிசினைப் பொறுத்தவரை உங்கள் ஊகம் பொருந்தாது. மரப்பிசின் சர்க்கரை வகையைச் சேர்ந்தது. கூட்டின் பிசினாகிய செரிசின் புரதமே. உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை நீக்கிய கூட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதுதான். மீதியில் பெரும்பகுதி இழையாகிய ஃபைப்ராயின், அதுவும் புரதம்.

இனி, கொதிநீர் ஒரு புரதத்தை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. கோப்பைப் பிடித்திருக்கும் பெப்டைடு பிணைப்பு கொதிநீருக்கெல்லாம் எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆய்வகத்தில் ஒரு புரதத்தை முழுமையாக அமினோ அமிலங்களாக உடைக்க வேண்டுமானால், செறிவான 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு 110 டிகிரி செல்சியசில் ஒரு நாள் முழுவதும் வைக்கிறோம். வேகவைத்தால் புரதம் செத்துவிடும் என்று பலர் சொல்வது இதனால்தான் பொருளற்ற பேச்சு. சூடு கலைப்பது சங்கிலியை அன்று, சங்கிலி மடிந்திருந்த மடிப்பைத்தான். ஆகவே இரண்டு செய்திகளைக் கேட்க வேண்டும்: அந்தச் சங்கிலி முதலில் எப்படி மடிந்திருந்தது? மடிப்பு அவிழ்ந்த பிறகு அது எதைப் பற்றிக்கொள்கிறது?

முட்டையின் வெண்கருவில் பாதிக்கு மேற்பட்ட புரதம் ஓவால்புமின். அது 385 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி, நூல் உருண்டைபோல இறுக மடிந்திருக்கும். நீரை விரும்பாத, எண்ணெய்த்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் உருண்டையின் உள்ளே ஒளிந்துகொண்டும், நீரை விரும்புபவை வெளியே முகம் காட்டிக்கொண்டும் இருப்பதால், பச்சை முட்டையில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நீரில் மிதக்கின்றன. சூடேறும்போது உருண்டைகள் அவிழ்கின்றன. உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வந்துவிடுகின்றன. நீரிலிருந்து தப்பிக்க அவை அடுத்த சங்கிலியின் அதே போன்ற பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. இப்படி எண்ணற்ற சங்கிலிகள் பின்னிக்கொண்டு வலையாகிவிடுகின்றன, கந்தக அணுக்களுக்கிடையே ஏற்படும் பிணைப்புகளும் அந்த வலையை முடிச்சிடுகின்றன. வெண்கருவில் பத்தில் ஒன்பது பங்கு வரை நீர்தான். வெந்த பிறகும் அந்த நீர் எங்கும் போய்விடவில்லை, வலைக்கண்களுக்குள் சிக்கி நிற்கிறது. ஆறினாலும் வலை பிரியாது என்பதால் வெந்த முட்டை மீண்டும் பச்சையாவதில்லை.

இடையில் பாலையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாலின் பெரும்பகுதிப் புரதமான கேசீனுக்கு, சூட்டில் அவிழும் அளவுக்கு இறுக்கமான மடிப்பே கிடையாது. அதனால்தான் எத்தனை முறை காய்ச்சினாலும் பால் முட்டையைப்போல் ஆகாமல், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பட்டதும் திரிந்துவிடுகிறது. கையேட்டுக்காரர் அன்றாடம் பால் காய்ச்சும் வீட்டில்தான் இருப்பார். அந்த வரியை எழுதும் முன் அடுப்படியை எட்டிப் பார்த்திருக்கலாம்.

செரிசினுக்கு வருவோம். அதன் சங்கிலியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு செரின் என்ற அமினோ அமிலமே நிறைந்திருக்கிறது. பெயரே பட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செரினின் கிளையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தொகுதி இருப்பதால் அதற்கு நீர் மீது நாட்டம் மிகுதி. உலர்ந்த கூட்டில் நீர் இல்லாத குறைக்கு, சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதுதான் நீங்கள் காணும் ஒட்டுதல். கொதிநீர் உள்ளே புகுந்ததும் அந்தப் பிடிகள் தளர்ந்து, ஒவ்வொரு சங்கிலியும் நீரோடு கைகோத்துக்கொண்டு பிரிந்துவிடுகிறது. முட்டையைப்போல வெளியே வந்து பற்றிக்கொள்வதற்கு ஒளிந்திருந்த எண்ணெய்ப் பகுதிகள் இதில் அவ்வளவாக இல்லை. நீர் ஆறும்போது சங்கிலிகளின் அசைவு குறைந்து, அங்கங்கே பழைய பிடிகள் திரும்ப ஏற்படுகின்றன. செறிவு போதுமான அளவு இருந்தால் நீங்கள் கண்ட நுங்குக் கட்டி உருவாகிறது. அந்தப் பிடிகள் வலுவற்றவை என்பதால் மறுபடி சூடாக்கினால் கலைகின்றன. ஆட்டுக்கால் சூப்பு இரவில் இறுகிக் காலையில் அடுப்பேறியதும் இளகுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இதற்கு நெருங்கிய உறவு, புரதம்தான் வேறு: எலும்பையும் தோலையும் பிடித்து நிறுத்தும் கொல்லாஜன். மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறான அது, நெடுநேரக் கொதிப்பில் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது.

கொல்லாஜனின் மூன்று சங்கிலி முறுக்கைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1954இல் வெளியிட்டவர்கள் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் என்பதை உங்கள் மகள் தெரிந்துகொள்ளட்டும். முறுக்கின் நடுவே இடமில்லாததால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே அமர முடியும். எந்த அமினோ அமிலம் எந்த இடத்தில் அமர்கிறது என்பதே உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பாடப்புத்தகத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

இழையாகிய ஃபைப்ராயினிலும் கிளைசினே ஆள்கிறது, ஆனால் ஆட்சி முறை வேறு. அதன் நீண்ட சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள். அவற்றில் ஏறத்தாழ 46 விழுக்காடு கிளைசின், 30 விழுக்காடு அலனின், 12 விழுக்காடு செரின். மூன்றுமே சிறியவை, பெரும்பாலான இடங்களில் ஒன்று விட்டு ஒன்று கிளைசின் வரும்படி, கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்று மந்திரம்போலத் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படிப்பட்ட சங்கிலிகள் உருண்டையாக மடியாமல், நீட்டிய நிலையில் பக்கத்தில் பக்கம் படிந்து, நெளித் தகரம்போன்ற தாளாகின்றன. இதைப் பீட்டா தாள் என்கிறோம். லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் 1951இல் முன்வைத்த அமைப்பு. ஒன்று விட்டு ஒன்று கிளைசின் இருப்பதால் தாளின் ஒரு முகம் முழுவதும் கிளைசினாகவும் மறு முகம் முழுவதும் அலனினும் செரினுமாகவும் அமைகிறது. தாள்களை அடுக்கும்போது கிளைசின் முகமும் கிளைசின் முகமும் எதிரெதிரே சேர்ந்தால் இடைவெளி 0.35 நானோமீட்டர், அலனின் முகங்கள் சேர்ந்தால் 0.57 நானோமீட்டர். ஒரே அளவு நெளிவுள்ள தகரங்களை அடுக்கிவைத்தால் இடையில் விரல் நுழையாதல்லவா? அப்படித்தான் இந்த அடுக்கில் நீர் மூலக்கூறு நுழைய வழியில்லை. கொதிநீர் கையைச் சுடும், ஆனால் உள்ளே போக முடியாத இடத்தில் அது எதை அவிழ்க்கும்?

இழை முழுவதும் இப்படி இறுகிய அடுக்குதான் என்று எண்ணிவிட வேண்டாம். அடுக்குகளுக்கு நடுவே ஒழுங்கற்ற மென்பகுதிகளும் இருக்கின்றன. பட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதும், இழுத்தால் சற்றே நீள்வதும், சாயத்தை ஏற்பதும் அவற்றால்தான். பிசின் நீக்கும்போது சோடாவைக் கூடுதலாகப் போட்டு வெகுநேரம் கொதிக்கவிட்டால் நூல் நொந்துபோவதும் அங்கேதான்: காரம் அந்த மென்பகுதிகளின் பெப்டைடு பிணைப்பையே அறுக்கத் தொடங்கிவிடும். மேலே நான் சொன்ன, கொதிநீர் செய்யாத வேலையைச் சோடா செய்கிறது.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் விளக்கம் அரைகுறையாகிவிடும். புழுவின் உடலுக்குள் இருக்கும்வரை ஃபைப்ராயினும் நீரில் கரைந்தேதான் இருக்கிறது. பட்டுச் சுரப்பியில் கால் பங்குக்கும் கூடுதலான செறிவில், தேன்போலக் குழகுழப்பாகத் தேங்கியிருக்கும். கூடு கட்டுவதற்கான தட்டாகிய சந்திரிகையில் ஏறிய புழு தலையை எட்டுப் போடுவதுபோல அசைத்து அசைத்து அதை வாய்வழியே இழுக்கும்போது, அந்த இழுவிசையும், சுரப்பிக்குழாயின் முன்பகுதியில் அமிலத்தன்மை சற்று கூடுவதும் சேர்ந்து சங்கிலிகளை நீட்டி நேராக்கித் தாளாக அடுக்கிவிடுகின்றன. முட்டைக்கு அடுப்பு செய்ததைப் பட்டுக்குப் புழுவின் தலையசைப்பு செய்துவிடுகிறது. ஆகவே உங்கள் கைக்கு வரும் இழை, திரும்ப முடியாத மாற்றத்தை முன்பே கண்டுவிட்ட புரதம். அதை மறுபடி கரைக்க ஆய்வகத்தில் லித்தியம் புரோமைடின் அடர்ந்த கரைசலைத் தேட வேண்டியிருக்கிறது.

தேர்வுத்தாளில் உங்கள் மகள் வெந்த முட்டையையே எழுதட்டும். மதிப்பெண் அதற்குத்தான் கிடைக்கும்.

பதில் 3: மல்பெரித்தோட்டம் (பென்னாகரம்)

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் புழு வளர்ப்பவன். கூட்டை உரிய நாளில் அங்காடிக்குக் கொண்டுபோக முடியாமல் போனால், அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியேறிவிடுகிறது. ஓட்டைக் கூட்டுக்கு விலை கிடையாது. பூச்சி இழையைக் கடித்து அறுத்துவிடும் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆனால் அந்தப் பூச்சிக்குக் கடிக்கும் வாயே கிடையாது, அது ஒன்றும் தின்பதுமில்லை. வேகாத இழையை, கொதிநீருக்கே அசையாத இழையை, அது எப்படித் துளைக்கிறது?

பதில் 4: உயிர்வேதியியல் ஆசிரியர் (கிருஷ்ணகிரி)

தம்பி, பூச்சி இழையை அறுப்பதில்லை. பிசினைச் செரித்துவிட்டு இழைகளை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. வெளியேறும் நேரத்தில் அதன் வாய்ப்பகுதியிலிருந்து ககூனேஸ் என்ற நொதி வடிகிறது. நொதியும் ஒரு புரதம்தான், ஆனால் பட்டிழையைப்போல நீட்டிப் படிந்ததன்று. ஓவால்புமினைப்போல உருண்டையாக மடிந்து, அந்த மடிப்பில் ஒரு குறிப்பிட்ட பள்ளத்தை வைத்திருப்பது. நம் குடலில் சுரக்கும் டிரிப்சினின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அந்தக் குடும்பத்து நொதிகளின் பள்ளத்தில் லைசின், ஆர்ஜினின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களே சரியாகப் பொருந்தும். அவை இருக்கும் இடத்துக்கு அடுத்துதான் சங்கிலி வெட்டுப்படும். செரிசினில் லைசின் உண்டு, ஆகவே வெட்டுப்படுகிறது. ஃபைப்ராயினின் இறுகிய பகுதியிலோ கிளைசினும் அலனினும் செரினும்தான். பற்றுவதற்கு இடமே இல்லை. கொதிநீர் ஒன்றைக் கரைத்து மற்றொன்றை விட்டுவிடுவதைப்போலவே, பூச்சியின் எச்சிலும் ஒன்றை வெட்டி மற்றொன்றை விட்டுவிடுகிறது, முற்றிலும் வேறு காரணத்தால். இழைகள் ஒதுங்கிக் குலைந்து கறையும் படிந்துவிடுவதால் அந்தக் கூட்டிலிருந்து நீளமாக நூற்க வராது. விலை போகாததற்கு அதுவே காரணம்.

இதை வைத்து ஒரு சிறு எச்சரிக்கை: நொதி கலந்த சலவைத்தூளில் பட்டுப்புடவையை ஊறவைக்காதீர்கள். அதிலுள்ள புரதச் செரிப்பு நொதி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அவ்வளவு தேர்ந்தெடுத்து வெட்டும் குணம் அதற்குக் கிடையாது, இழையின் மென்பகுதிகளைத் தொட்டுவிடும்.

பதில் 5: நூற்புவீடு (தருமபுரி)

ஐயாவுக்கு மிக்க நன்றி. நேற்றிரவு மகளை உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். தகர அடுக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, எங்கள் கொட்டகையின் கூரையே அதுதான். ஆனால் அடுத்த கேள்வியையும் கொடுத்துவிட்டாள். மஞ்சள் கூட்டு நூலைச் சோப்புநீரில் போட்டுப் பிசின் நீக்கியதும் மஞ்சளும் போய் நூல் வெள்ளையாகிவிடுகிறது. அப்படியானால் மஞ்சள் பிசினில் மட்டும்தான் இருக்கிறதா? அதே மல்பெரி இலையைத் தின்னும் இன்னொரு இனப் புழு வெண்கூடு கட்டுவது எதனால்?

பதில் 6: உயிர்வேதியியல் ஆசிரியர் (கிருஷ்ணகிரி)

பெரும்பாலும் பிசினில்தான், அம்மா. மஞ்சளைத் தருபவை கரோட்டினாய்டுகள். கேரட்டுக்கும் மாம்பழச் சதைக்கும் நிறம் கொடுக்கும் அதே குடும்பம். அவை புரதமும் அல்ல, சர்க்கரையும் அல்ல. கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள், புழுவால் தானே உண்டாக்க இயலாதவை, முழுக்க இலையிலிருந்து வருபவை. எண்ணெயில் கரையும் பொருள் நீர் நிறைந்த உடலுக்குள் தானாகப் பயணம் செய்ய முடியாது என்பதால், குடலிலிருந்து எடுத்துவரவும் பட்டுச் சுரப்பிக்குள் ஏற்றவும் அதற்கென்று அமைந்த புரதங்கள் வேண்டும். மஞ்சள் கூடு கட்டும் இனங்களில் அந்தச் சுமைதூக்கிப் புரதங்கள் சரியாக வேலை செய்கின்றன. சுரப்பியில் செரிசின் உருவாகும் நடுப்பகுதியில் மஞ்சள் இறக்கிவைக்கப்படுகிறது. வெண்கூட்டு இனங்களில் அந்தப் புரதங்களுக்கான மரபணுக்களில் ஏதேனும் ஒன்று பழுதுபட்டிருக்கும். இலையில் மஞ்சள் இருக்கிறது, வயிற்றுக்குள்ளும் போகிறது, சுரப்பிவரை கொண்டுசேர்க்கத்தான் ஆள் இல்லை.

பதில் 7: நூற்புவீடு (தருமபுரி)

இன்று காலை மகள் ஒரு மஞ்சள் கூட்டையும் ஒரு வெண்கூட்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் சோப்புநீரில் கொதிக்கவைத்துப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்குள் மஞ்சள் கிண்ணத்து நீர் வைக்கோல் நிறமாகிவிட்டது. வெளியே எடுத்து அலசிய இரண்டு பஞ்சுத் திரள்களையும் காயவைத்த பிறகு எது எந்தக் கூடு என்று என் மாமியாரால்கூடச் சொல்ல முடியவில்லை, நாற்பது ஆண்டு நூற்ற கை அது.